ஆன்லைன் சமையல் வகுப்பு வளர என்ன செய்ய வேண்டும்? ஈரோட்டுச் சகோதரிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: “ஈரோட்டில் இருக்கிறேன். ஓராண்டாக வாட்ஸ்அப் குழு மூலம் ஆள் சேர்த்து, ஆன்லைனில் சமையல் வகுப்பு எடுக்கிறேன். ஒரு வகுப்புக்கு 199 ரூபாய். பிரியாணி, கேக், பனீர் வகைகள், தீபாவளிப் பலகாரம் என்று எல்லாம் சொல்லித் தருகிறேன். தொடக்கத்தில் அறுபது பேர் வரை வந்தார்கள். இப்போது பதினைந்து பேர் சேர்வதே பெரும்பாடாக இருக்கிறது. கட்டணத்தைக் குறைக்கலாமா? யூடியூப் சேனல் தொடங்கலாமா? இதைத் தொழிலாக வளர்க்க வழி என்ன?”

சகோதரி, கட்டணத்தைக் குறைக்க வேண்டாம். 199ஐ 99 ஆக்கினால் ஒரு மாதம் கூட்டம் கூடும், பிறகு அதுவும் கரையும். யூடியூபுக்கும் இப்போது அவசரமில்லை. அதற்கு முன் ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். முதலில் வந்த அறுபது பேரில், வகுப்பு முடிந்த வாரத்திலேயே அந்தப் பண்டத்தைத் தம் வீட்டில் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு அது சரியாக வந்தது? இந்த இரண்டு எண்களும் உங்களிடம் இல்லையென்றால், கூட்டம் குறைந்ததற்கான காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

செய்முறைக்கு இன்று யாரும் பணம் தர வேண்டியதில்லை. எந்தப் பண்டத்தின் பெயரைத் தட்டினாலும் நூறு வீடியோக்கள் வந்து நிற்கின்றன. அப்படியிருந்தும் ஒருவர் காசு கொடுத்து உங்களிடம் வருகிறார் என்றால், வீடியோவைப் பார்த்துச் செய்து சரியாக வராமல் போனதால் வருகிறார். தன் அடுப்பில், தன் பாத்திரத்தில், தன் கையால் செய்தது எங்கே பிசகியது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீங்கள் விற்பது அந்தத் திருத்தத்தை. பலகார வகுப்பு எடுப்பதோடு, வகுப்பு எடுக்க விரும்பும் பெண்களுக்குப் பயிற்சியும் தருகிறவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: மாணவர் வீட்டில் பண்டம் சரியாக வந்தால் அவரே அடுத்த ஆளைக் கூட்டிவருவார். வராவிட்டால் குறை சொல்லக்கூட மாட்டார், பேசாமல் விலகிவிடுவார்.

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகுமுன் அரைக்க வேண்டும் என்று எல்லா வீடியோவும் சொல்கிறது. அந்த ஈரம் எவ்வளவு என்பதில்தான் பண்டமே இருக்கிறது. அரைத்த மாவைக் கைப்பிடி அள்ளி இறுக்கினால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மாணவரைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தது வெல்லப் பாகு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்டால் அது கடலை உருண்டைக்கான பதம், அதிரசத்துக்குக் கடந்துபோயிற்று. பாகு இளசாக இருந்தால் எண்ணெயில் பிரிந்து போகும், முற்றினால் கல்லாகும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது மிகக் குறைந்த நேரம். அந்த நேரத்தில் மாணவரின் கிண்ணத்தைப் பார்த்து “இப்போது இறக்குங்கள்” என்று நீங்கள் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்கு எந்த யூடியூப் வீடியோவும் ஈடாகாது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அதைச் சொல்ல முடியாது. அறுபது கிண்ணத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது?

அதனால் ஆள் எண்ணிக்கையை நீங்களே கட்டுப்படுத்துங்கள். ஒரு பேட்சுக்குப் பன்னிரண்டு பேர் போதும். வீட்டில் யாராவது ஒருவர் திரையைக் கவனித்து “மூன்றாவது கட்டத்தில் இருப்பவரின் பாகு பொங்குகிறது” என்று உங்களுக்குச் சொல்ல முடியுமானால் பதினைந்து வரை போகலாம். அதற்கு மேல் ஆள் வந்தால் இன்னொரு பேட்ச் வையுங்கள். ஆட்களைக் குறைத்துவிட்டு வருமானம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். இப்போது பதினைந்து பேர் 199 ரூபாய் கொடுத்தால் 2,985 ரூபாய் வருகிறது. அதில் சாமான், எரிவாயு, இரண்டு மணி நேர வகுப்பு, முதல் நாள் தயாரிப்பு, மறுநாள் முழுவதும் சந்தேகத்துக்குப் பதில் என்று எல்லாம் போகிறது. நான்கு வாரத் தொடர் வகுப்பாக வைத்து ஆளுக்கு 2,400 ரூபாய் என்றால் பன்னிரண்டு பேருக்கு 28,800. தொகையைக் கேட்டதும் கொஞ்சம் பேர் ஒதுங்குவார்கள். கட்டியவர்களோ நான்கு வாரமும் வருவார்கள், வீட்டுப்பாடம் செய்வார்கள், படம் அனுப்புவார்கள். ஒற்றை வகுப்பில் அந்த ஈடுபாடு வராது. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஆள் பிடிக்கும் அலைச்சலும் உங்களுக்குக் குறையும்.

இப்போது எதைக் கற்பிப்பது என்பதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்த இடம் இதுதான். ஈரோட்டில் இருந்துகொண்டு பனீர் வகைகளையும் கேக்கையும் முன்னால் வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்லித்தர ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அரிசிம்பருப்பு சாதம், செலவு ரசம் (மருந்துச் சரக்குகள் சேர்த்த ரசம்), கொள்ளுப் பருப்பு, சந்தகை (இடியாப்பம் போன்றது), ஒப்புட்டு (போளி), கச்சாயம் (எண்ணெயில் பொரிக்கும் இனிப்பு), பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் உங்கள் கைக்குப் பழகியவை அல்லவா? வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் கொங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மாவின் கைப்பக்குவம் வேண்டும். அம்மாவைக் கேட்டால் “கண்ணளவுதான்” என்பார். அந்தக் கண்ணளவை கிராமாகவும் நிமிடமாகவும் மாற்றித் தரத் தெரிந்தவருக்கு இன்று நல்ல தேவை இருக்கிறது. எல்லாம் கற்பிக்கிறவர் என்ற பெயரைவிட, கொங்குச் சமையல் கற்க வேண்டுமென்றால் இவரிடம் போ என்ற பெயர் உங்களை வெகுதூரம் கொண்டுபோகும்.

முதல் தொடரை இப்படி அமைக்கலாம். முதல் வாரம் அரிசிம்பருப்பு சாதமும் செலவு ரசமும்: இதில் தாளிப்பும் வறுப்பும் கைவந்துவிடும், முதல் நாளே வீட்டில் எல்லாரும் சாப்பிட ஒரு சாப்பாடும் ஆகிவிடும். இரண்டாம் வாரம் மாவு அரைத்து இட்லி. மூன்றாவது சந்தகை. நான்காவது ஒப்புட்டு. எளியதில் தொடங்கிக் கைப்பழக்கம் தேவைப்படுவதை நோக்கிப் போகிற வரிசை இது. சந்தகையை முதல் வாரம் வைத்தால் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள். ஆவியில் வெந்த உருண்டையைச் சூடு ஆறுமுன் பிழிய வேண்டும், ஆறினால் அச்சு நகராது. சந்தகை மரமோ இரும்பு நாழியோ இல்லாதவர்கள் முறுக்கு அச்சில் இடியாப்ப வில்லையைப் போட்டு, மாவைச் சிறுசிறு உருண்டையாக வைத்துப் பிழியலாம். இந்த மாற்று வழிகளைத் தேடி, நீங்களே செய்து பார்த்து, கையில் வைத்திருங்கள். மாணவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி “எங்கள் வீட்டில் அது இல்லையே” என்பதாகத்தான் இருக்கும்.

இட்லி வகுப்பை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். அதை இரண்டு நாளாகப் பிரியுங்கள்: சனிக்கிழமை அரைப்பது, ஞாயிற்றுக்கிழமை வேகவைப்பது. அரைத்த மாவில் கொஞ்சத்தைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டுவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று படமெடுத்து அனுப்பினால், உங்களுக்கு ஒரே பார்வையில் நிலவரம் தெரிந்துவிடும். கிரைண்டர் இல்லாமல் மிக்சியில் அரைப்பவர்களின் மாவு சூடேறிவிடும், ஐஸ் தண்ணீர் விட்டு நிறுத்தி நிறுத்தி அரைக்கச் சொல்ல வேண்டும். கனடாவில் குளிர்காலத்தில் இருப்பவருக்கு அடுப்பறை மேடையில் இருபது மணி நேரம் வைத்தாலும் மாவு அசையாமல் இருக்கலாம். கேக் சுடும் ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் எரியவிட்டால் புளிக்கும். ஈரோட்டு வெயிலில் எட்டு மணி நேரம் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த தாள் அவருக்கு உதவாது என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நம் ஆழாக்கு 168 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. வெளிநாட்டு அளவுக் கப் ஏறத்தாழ 240. “ஒரு கப்” என்று சொன்னால் மூவர் மூன்று அளவில் எடுப்பார்கள். அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே கப்பைப் பயன்படுத்தினால் விகிதம் மாறாமல் தப்பிவிடும். வெல்லத்திலும் உப்பிலும் மாட்டிக்கொள்ளும். எல்லாக் குறிப்பையும் கிராமில் கொடுங்கள், சமையல் தராசு ஒன்றை வாங்கச் சொல்லுங்கள்.

சாமான்களுக்கு ரொம்பச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரு போன் உங்கள் முகத்துக்கு, இன்னொரு போன் அடுப்புக்கு மேலே ஸ்டாண்டில். மேலே இருப்பதை நேர் உச்சியில் வைத்தால் ஆவி ஏறி லென்ஸ் மங்கும், சற்றுச் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பாகின் நிறம் தெரியாது, கரண்டியில் எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டுக் காட்டுங்கள். ஒலிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள், காலர் மைக் ஒன்று வாங்குங்கள். ஜூம் போன்ற செயலிகள் பின்னணி இரைச்சலைத் தாமாகவே அடக்கிவிடும். கடுகு வெடிப்பதையும் எண்ணெயில் பண்டத்தின் சலசலப்பு அடங்குவதையும்கூட அவை இரைச்சல் என்றே எண்ணி விழுங்கிவிடுகின்றன. முறுக்கு வெந்ததைக் காதால் அறிகிற சமையல் நம்முடையது. அந்தச் சத்தம் மாணவருக்குக் கேட்டே ஆக வேண்டும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது, வகுப்புக்கு முன் அதைத் திறந்துவிடுங்கள்.

இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தோடும், கூகுள் மீட் குழு அழைப்பில் 60 நிமிடத்தோடும் நின்றுவிடும். பாகு காயும்போது இணைப்பு அறுந்தால் வகுப்பே கெட்டது, ஆகவே ஒன்றுக்காவது சந்தா கட்டிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பார்த்துத் தேதி வையுங்கள். இன்வெர்ட்டரில் மோடமும் ஓடும்படி செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் நேரம் முக்கியம். நம் சனிக்கிழமை மாலை 6.30 என்பது துபாயில் மாலை 5, சிங்கப்பூரில் இரவு 9, கோடைக்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2, டொரண்டோவில் காலை 9. ஒரே நேரத்தில் நான்கு ஊரையும் பிடிக்கலாம். சிட்னிக்காரர்களுக்கு மட்டும் அது நள்ளிரவை நெருங்கிவிடும், அவர்கள் கேட்டால் நம் காலை நேரத்தில் தனிப் பேட்ச் வையுங்கள். பிரிட்டனிலும் கனடாவின் டொரண்டோ போன்ற ஊர்களிலும் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் அவரவர் ஊர் நேரத்தை எழுதியே செய்தி அனுப்புங்கள். கட்டணம் வாங்குவது முன்னைவிட எளிதாகியிருக்கிறது: வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் சில நாடுகளில் வெளிநாட்டுப் போன் எண்ணை வைத்தே யுபிஐயில் பணம் அனுப்ப 2023 முதல் வழி இருக்கிறது.

இனி யூடியூப். புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அது பெரிய சாதனை, மனதாரப் பாராட்ட வேண்டியது. அதைப் பார்ப்பவர்கள் பார்க்கும் இன்பத்துக்காகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது செய்து கற்க விரும்புகிறவர்கள், அந்தக் கூட்டம் சிறியது. யூடியூப் விளம்பர வருமானத்துக்கே 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் துரத்தினால் வகுப்பு கெடும். முழுச் செய்முறை வீடியோ போடாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு தவற்றைத் திருத்துங்கள்: ஒப்புட்டு தட்டும்போது பூரணம் ஏன் பிதுங்குகிறது, இட்லி ஏன் தட்டையாகிறது, செலவு ரசம் ஏன் கசக்கிறது. அந்தத் தொல்லையை அனுபவித்தவர் மட்டுமே கடைசி வரை பார்ப்பார். உங்கள் வகுப்புக்கு வரப்போகிறவரும் அவர்தான். மாணவர் முதல் முறை செய்த சந்தகையையும் மூன்றாம் முறை செய்ததையும், அவர் சம்மதத்தோடு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். அதைவிட நல்ல விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒன்றைத் திருத்த வேண்டும். பொதுக் குழுவில் எல்லாருடைய போன் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. பெண்கள் பலர் இதனாலேயே சத்தமில்லாமல் வெளியேறுகிறார்கள். அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டியைப் பயன்படுத்தினால் உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. பேட்சுக்குள் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு மட்டும், கேட்டு அனுமதி வாங்கி, தனிக் குழு அமையுங்கள். அந்தக் குழு கலகலப்பாக இருக்கும். ஒருவர் கருகிய ஒப்புட்டைப் போட்டால் இன்னும் மூவர் தைரியமாகத் தம்முடையதைப் போடுவார்கள்.

இரண்டு, மூன்று பேட்ச் முடிந்து கேள்விகள் எல்லாம் உங்களுக்குப் பழகிய பிறகு பதிவுசெய்த வகுப்பை விற்கலாம். அதையும் தனியாக விற்காதீர்கள். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் நேரலையில் சந்தேகம் கேட்கலாம் என்று சேர்த்துக் கொடுங்கள். வீடியோவை யாராவது பகிர்ந்துவிடுவார்களே என்ற கவலை எல்லாருக்கும் வரும். பகிரத்தான் செய்வார்கள். உங்கள் பெயரை வீடியோவின் மூலையில் பொறித்துவிட்டு வேலையைப் பாருங்கள். திருத்திச் சொல்லும் உங்களை யாரும் பகிர முடியாது.

நல்ல கட்டணம் தருகிற இன்னொரு வகை மாணவர்கள் உண்டு: மசாலாப் பொடியோ பலகாரமோ செய்து விற்க நினைக்கிற பெண்கள். அவர்களுக்குச் செய்முறையோடு அடக்கவிலைக் கணக்கு, பண்டம் எத்தனை நாள் தாங்கும், பாக்கெட் போடுவது, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எல்லாம் வேண்டும். நீங்களே ஒரு சீசனாவது விற்றுப் பார்த்திராமல் இந்த வகுப்பைத் தொடங்காதீர்கள். அவர்கள் தங்கள் சேமிப்பை நம்பிக் கொடுக்கிறவர்கள்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்லித்தருவதற்கு மட்டும் உணவுப் பதிவு தேவையில்லை. வகுப்போடு செலவுப் பொடி, மஞ்சள் தூள் என்று பாக்கெட் அனுப்பினால் நீங்கள் உணவு விற்பவர் ஆகிறீர்கள், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் முறையான லேபிளும் வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது, பயிற்சி வகுப்புக்கு வரி 18 சதவீதம். அதை நெருங்கும்போதே கட்டணத்தைத் திருத்தாவிட்டால் வரி உங்கள் லாபத்திலிருந்து போகும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசின் இணையதளத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் கொடுக்க வேண்டாம். வகுப்பு வரவுக்கு முதல் நாளிலிருந்தே தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கொள்ளு சாப்பிட்டால் இன்ன நோய் தீரும் என்ற பேச்சை விளம்பரத்தில் சேர்க்காதீர்கள். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் பொறுப்பு யாருடையது?

கடைசியாகத் தேதிகள். நம் வகுப்புக்குப் பஞ்சாங்கம்தான் மார்க்கெட்டிங். மாசி பங்குனியில் மாவடு, சித்திரை வெயிலில் வடகமும் ஊறுகாயும், மார்கழியில் பொங்கலுக்கானவை. புரட்டாசியில் அசைவ வகுப்புக்கு ஆள் சேராது, பலகார வகுப்புக்கு அதுவே சரியான மாதம். பலரும் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் பலகார வகுப்பு வைக்கிறார்கள். அப்போது மாணவர் ஒருமுறை செய்து பிசகினால் மறுமுறை செய்யப் பொழுதிருக்காது, கடையில் வாங்கிவிடுவார். அதிரச வகுப்பைப் புரட்டாசி நடுவிலேயே முடித்துவிடுங்கள். பாகு சேர்த்துக் கிளறிய மாவு நாலைந்து நாள் இருந்தாலும் நன்றாகவே இருக்கும் என்பதால், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அவர்களாகவே மாவு கிளறுவார்கள். அந்த வாரத்தில் புது வகுப்பு எதுவும் வைக்காமல், தினமும் மாலை ஒரு மணி நேரம் அவர்கள் அனுப்பும் படங்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒதுக்கிவையுங்கள்.